மூன்றாவது கியரில் பாட்டு வகுப்பு

எங்கள் பள்ளியில் கவியாவுக்கு என்ன வேலை என்று ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து பதில் வரும். ஆபீஸில் கேட்டால் "ஆண்டு விழா மிஸ்" என்பார்கள். கணக்கு சாரைக் கேட்டால் "சும்மா இருக்கிற மிஸ்" என்பார். பரீட்சைக்குக் கேள்வித்தாள் கட்ட, சான்றிதழ்களில் பெயர் எழுத, காய்ச்சல் வந்த பிள்ளையைப் பெற்றவர்கள் வரும்வரை மடியில் போட்டுக்கொள்ள, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளையே கேட்டால் "பாட்டு டீச்சர்" என்பாள். சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நம் முகத்தைப் பார்ப்பாள்.

நான் ஃபைஸா. அதே பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். என் நிலைமையும் ஏறக்குறைய அதேதான், ஆனால் எனக்கு வாய் உண்டு. என் பீரியடைப் பிடுங்க யாராவது வந்தால் வராண்டா அதிரக் கத்துவேன். பிறந்தது லப்பைக்குடிக்காடு, வாழ்க்கைப்பட்டது ஜெயங்கொண்டம், வீட்டுக்காரர் இருப்பது ஷார்ஜா. இந்த வேலை போனாலும் என் வீட்டு அடுப்பு எரியும். அந்தத் தைரியத்தில் கத்துகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். கவியாவுக்கு அந்த வசதி இல்லை.

அவள் மீன்சுருட்டிக்காரி. அவள் அப்பா அய்யம்பெருமாள் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு தூக்கி, பிறகு சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றியவர். மகளை நர்சிங்கில் சேர்க்கச் சொல்லி எல்லாரும் சொன்னபோது, இவர் பெரம்பலூருக்குக் கூட்டிப்போய் இசைப் பள்ளியில் சேர்த்துவிட்டார். மூன்று வருடம் குரலிசை, அதன் பிறகு ஆசிரியர் பயிற்சி. அரசு வேலைக்குப் பாட்டு டீச்சர் எடுப்பது என்றைக்கோ ஒரு நாள் நடக்கிற காரியம். அந்த ஒரு நாளும் வந்தது. ஒன்றரை மார்க்கில் விட்டுவிட்டாள்.

பிறகு பதினான்கு வருடம் தனியார் பள்ளிகள். முதல் பத்து வருடம் திங்கள் ஓர் ஊர், புதன் ஓர் ஊர், தோளில் சுருதிப் பெட்டி, பையில் பனங்கற்கண்டு. ஆண்டு விழாவுக்கு முந்திய இரண்டு மாதம் அவள் எல்லாருக்கும் வேண்டும். சினிமாப் பாட்டைப் போட்டுப் பிள்ளைகளை ஆடவிட வேண்டும். "பாடுகிற" பிள்ளைகள் ஒலிபெருக்கியில் ஓடுகிற பாட்டுக்கு வாயசைக்க வேண்டும். பெற்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை மறைப்பார்கள். விழா முடிந்ததும் ஒரு சால்வை போர்த்தி, மறுநாளே அவளை மறந்துவிடுவார்கள். அந்தச் சால்வைகளை அவள் வீட்டில் ஜன்னலுக்குத் திரையாகத் தைத்துப் போட்டிருக்கிறாள்.

எங்கள் பள்ளி உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில். இங்கே முழுநேரமாக வந்து நான்கு வருடம் ஆகிறது. முழுநேரம் என்றுதான் பேச்சு, ஆர்டர் கிடையாது. கால அட்டவணையில் "இசை" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் யார் பெயரும் இருக்காது. அந்தக் கட்டத்தில் கணக்கு சார் வந்து உட்காருவார். "போர்ஷன் முடியல மிஸ், இன்னைக்கு மட்டும்" என்பார். நான்கு வருடமாக இன்னைக்கு மட்டும்.

ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது கேட்டேன். "ஒனக்கு என்னதாண்டி வேணும்? ஒரு தடவயாவது வாயத் தொறந்து கேளேன்."

அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு யோசித்தாள். "கதவு சாத்துற மாரி ஒரு ரூம் வேணும்க்கா. வாரம் ரெண்டு பீரியட். ஒரே பிள்ளைய ஒண்ணாவதுல எடுத்து எட்டாவது வரைக்கும் நானே கொண்டு போவணும். அவ்ளோதான். இதுவரைக்கும் நான் யாருக்கும் ஸரிகமவே முழுசா சொல்லிக் குடுத்ததில்ல. எல்லாம் ரெண்டு மாசம், ரெண்டு மாசம்."

பதினான்கு வருடம் பாட்டு டீச்சராக இருந்தவள் சொன்ன கணக்கு இது.

இதற்கிடையில் அவளுக்கு ஒரு வகுப்பு தானாக அமைந்தது. பள்ளியில் இல்லை, வேனில்.

எங்கள் வேன் மீன்சுருட்டியில் கிளம்பி, கங்கைகொண்ட சோழபுரம், ஜெயங்கொண்டம் வழியாகச் சந்துபொந்தெல்லாம் நுழைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முப்பத்திரண்டு பிள்ளைகள், இரண்டாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. முதல் ஊரிலேயே ஏறுகிறவள் கவியா. நான் ஜெயங்கொண்டத்தில் ஏறுவேன். வேனில் இருந்த ஆயா தீபாவளிக்குப் பிறகு முட்டி வலி என்று நின்றுவிட, வேறு ஆள் போடவில்லை. கவியாவே பிள்ளைகளை இறக்கி ஏற்றினாள், தலை எண்ணினாள், வாந்தி எடுத்தால் துடைத்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. யாராவது செய்யத்தானே வேண்டும் என்பாள்.

பிள்ளைகளின் சண்டையை நிறுத்தத்தான் முதலில் பாடினாள். மறுநாள் பிள்ளைகளே பாடச் சொல்லிக் கேட்டார்கள். அதற்கடுத்த நாள் சுருதிப் பெட்டியை வெளியே எடுத்தாள். இன்ஜின் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. டிரைவர் வீரமணி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"டீச்சர், பொட்டிய உள்ள வைங்க. மூணாவது கியர்ல நாப்பதுல வுட்டா வண்டியே ஒரே மாரி கத்தும். பாக்குறீங்களா?"

வண்டி கத்தியது. கவியா கண்ணை மூடிக் கேட்டாள். ஐந்தரைக் கட்டைக்கு ஒரு நூல் குறைவு என்றாள். எனக்குக் கட்டையும் தெரியாது, நூலும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து ஜெயங்கொண்டம் தாண்டியதும் வீரமணி மூன்றாவது கியருக்கு வந்துவிடுவார். பின்னால் எந்த லாரி ஹாரன் அடித்தாலும் நாற்பதைத் தாண்ட மாட்டார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் அந்த இரைச்சலில் ஸா பிடிப்பார்கள். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. கணக்கு சார் வேனுக்குள் வர முடியாதே!

அவளே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. "ஏரிக்கு யாரு குடை பிடிப்பா, மழை எங்க போயி ஒதுங்கும்" என்று தொடங்கும். வேன் மூன்றாவது கியருக்கு வந்ததும் தொடங்கினால், மூன்றாவது அடி வரும்போது சரியாக முந்திரிக் காட்டு வளைவு வந்துவிடும். வேன் திரும்பும், பிள்ளைகள் மொத்தமாக இடதுபக்கம் சாய்வார்கள். அது ஒரு விளையாட்டாகிவிட்டது. வேன் தாமதமாகி வளைவு பிந்தினாலும் அந்த அடிக்குச் சாய்ந்துவிடுவார்கள். சாயங்காலம் எதிர்ப்பக்கமாகப் போகும்போதும் அப்படித்தான். கவியாவும் சாய்வாள். நானும்தான்.

சாயங்காலம் கடைசிப் பிள்ளையும் இறங்கியபின் அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவாளாம். வீரமணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எழுப்ப மனசு வராமல் வீட்டு வாசல்வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவாராம்.

சென்ற டிசம்பரில் எங்கள் தாளாளர் அன்பழகன் ஒரு மீட்டிங் போட்டார். பள்ளி மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறப்போகிறது, ஜனவரியில் ஆய்வுக்குழு வரும், ஆய்வகம், நூலகம், ஓவிய அறை, இசை அறை எல்லாம் இருக்க வேண்டும் என்றார். இசை அறை என்றதும் எல்லாத் தலையும் கவியா பக்கம் திரும்பியது. மீட்டிங் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

"புத்தகம் வச்சிருக்கிற ஸ்டோர் ரூமைக் காலி பண்ணித் தரச் சொல்லிட்டேன் மிஸ். வந்தவங்க முன்னாடி பசங்க நாலு பாட்டு அருமையா பாடணும். நல்லபடியா முடிஞ்சுதுன்னா அந்த ரூம் ஒங்களுக்குத்தான். அடுத்த வருஷம் டைம்டேபிள்ல ஒங்க பேரு இருக்கும். ஆர்டரும் போட்டுத் தரேன்."

வெளியே வந்த கவியா தண்ணீர்க் குழாயடியில் நின்று இரண்டு தடவை முகம் கழுவினாள். "நெசமாத்தான் சொன்னாராக்கா?" என்றாள். நெசம்தான் என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கும் நம்பத்தான் தோன்றியது.

சிக்கல் என்னவென்றால், எந்த வகுப்பைப் பாடச் சொல்வது? நான்கு வருடம் கணக்குப் போட்ட பிள்ளைகளுக்கு மூன்று வாரத்தில் ஸா எங்கிருந்து வரும்? யோசனை என்னுடையதுதான். இதை மறைக்கப் போவதில்லை. வேன் பிள்ளைகளையே "பள்ளி சேர்ந்திசைக் குழு" என்று உட்கார வைத்துவிடலாம், எல்லா வகுப்பிலிருந்தும் பொறுக்கி எடுத்த மாதிரி இருக்கும் என்றேன். எப்போது வகுப்பு என்று கேட்டால் "செவ்வாய், வியாழன், நாலாவது பீரியட், இந்த ரூம்ல" என்று சொல்லச் சொல்லிப் பிள்ளைகளுக்கு நானே ஒப்பிக்கவைத்தேன். தாளாளர் என்னைப் பார்த்து, "மூளைக்காரி மிஸ் நீங்க" என்றார். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஸ்டோர் ரூமுக்கு வெள்ளையடித்தார்கள். நான் சுவரில் ஒரு பெரிய வீணை வரைந்தேன். ஆர்மோனியமும் தபலாவும் வாடகைக்கு அரியலூரிலிருந்து வந்தன. ஜமுக்காளம் விரித்ததும் கவியா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நான் நின்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு ஸா மட்டும் கேட்டது. இன்ஜின் இல்லாமல், ஆண்டு விழா இல்லாமல், அவள் குரலை நான் தனியாகக் கேட்டது அன்றுதான். அவ்வளவு நல்ல குரல் என்று எனக்கே தெரியாது.

ஆய்வன்று வந்தவர்கள் இரண்டு பேர். ஓர் ஆண், ஒரு வயதான அம்மா. அந்த அம்மா வேறு மாவட்டத்தில் தலைமையாசிரியராக இருப்பவராம், தமிழ் பேசினார். ஆய்வகம் பார்த்தார்கள், கக்கூஸ் பார்த்தார்கள், பதினொன்றரைக்கு இசை அறைக்கு வந்தார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் எண்ணெய் வைத்துச் சீவி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கவியா சுருதிப் பெட்டியைத் தட்டினாள்.

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அமைதியான அறையில் உட்கார்ந்து அவர்கள் ஒரு நாளும் பாடியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை திட்டம் போட்ட எனக்கு அது தோன்றவேயில்லை. தாளாளர் இருமினார்.

கவியா சுருதிப் பெட்டியை நிறுத்தினாள். தொண்டைக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்று வேன் இன்ஜின் மாதிரியே ஒரு சத்தம் எழுப்பினாள். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சிரித்த கையோடு பிடித்தார்கள், ஏரிக்கு யாரு குடை பிடிப்பா. அல்லா, எப்படிப் பாடினார்கள்! அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். மூன்றாவது அடி வந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒன்றாக இடதுபக்கம் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தார்கள். கவியாவும் சாய்ந்தாள்.

பாட்டு முடிந்ததும் அந்த அம்மா சிரித்துக்கொண்டே முன்வரிசைப் பிள்ளையைக் கேட்டார். "ஏம்மா, நடுவுல எல்லாரும் சாஞ்சீங்களே, அது எதுக்கு?"

அவர் கேட்டது மர்வாவை. எங்கள் தெருப் பிள்ளை, இரண்டாம் வகுப்பு, பொய் சொல்ல வராது. நான் ஒப்பிக்கவைத்ததில் இந்தக் கேள்வி இல்லை.

"அங்க வளைவு வரும் மிஸ்."

"எங்க வளைவு வரும்?"

"முந்திரிக் காட்டுகிட்ட. வேன் திரும்பும்ல?"

"ஓ. வேன்லயா பாடுவீங்க? வாரத்துல எத்தன நாளு?"

"தெனமும் ரெண்டு வாட்டி மிஸ். போறப்ப ஒண்ணு, வரப்ப ஒண்ணு." பிறகு என் முகத்தைப் பார்த்து ஞாபகம் வந்தவளாக, "செவ்வாய், வியாழன் நாலாவது பீரியட்ல கணக்கு, மிஸ்" என்றாள்.

நான் சுவரில் இருந்த என் வீணையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா கவியாவிடம் திரும்பி, "நெசமாங்க?" என்றார். கவியா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எவ்வளவு நாளாக, எந்த ஊரிலிருந்து, எந்தெந்தப் பிள்ளைகள் என்று அவர் கேட்கக் கேட்க அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது கியரைப் பற்றியும் சொன்னாள். அந்த அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது கவியாவின் கையைப் பிடித்து, "ரொம்பப் பெரிய காரியம் பண்றீங்க. நான் இத அப்படியே எழுதுறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அனுமதி கிடைத்துவிட்டது. அறிக்கையில் எங்கள் பள்ளியைப் பற்றி எழுதியதிலேயே பாராட்டான வரிகள் அந்த வேன் வகுப்பைப் பற்றியவைதான். பயண நேரத்தைப் பாடும் நேரமாக்கிய புதுமையான முயற்சி என்று இருந்ததாம். கவியா மார்ச் மாதம் முழுவதும் ஒரு நோட்டில் பாடத்திட்டம் எழுதினாள். ஒன்றாம் வகுப்புக்கு என்ன, இரண்டாம் வகுப்புக்கு என்ன என்று எட்டு வகுப்புக்கும். எந்த மாதம் எந்த வரிசை, எந்தப் பாட்டு. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பசி எடுத்துச் சாப்பிட்டாள்.

ஏப்ரலில் தாளாளர் கூப்பிட்டார். நோட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடவே போனேன்.

"வாங்க மிஸ், ஒக்காருங்க. ஒங்களால பள்ளிக்கே பேரு." மேசையில் புது நோட்டீஸ் மாதிரி ஒன்று கிடந்தது. பேருந்து படம், சுற்றிலும் பூப்பூவாக ஸ்வரங்கள், மேலே "பாட்டோடு பயணம்". "அடுத்த வருஷத்துலேருந்து அஞ்சு வேன்லயும் மியூசிக். ஒரு வேனுக்கு ஒரு வாரம், மாத்தி மாத்திப் போவீங்க. ஆயா போட்டா வெறும் ஆயா. நீங்க இருந்தா ரெண்டும் ஆச்சு பாருங்க. இந்தாங்க ஆர்டர். நான் சொன்னா சொன்னதுதான்."

கவியா தாளை வாங்கிப் படித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். பதவி: வாகன ஒருங்கிணைப்பாளர், அடைப்புக்குறிக்குள் இசை.

"சார், அந்த ரூமு..."

"ரூம் எதுக்கு மிஸ்? ஒங்க கிளாஸ் வேன்லதான் நல்லா நடக்குதுன்னு அந்த அம்மாவே எழுதிட்டுப் போயிருக்கு. பீரியடும் மிச்சம். புது யூனிஃபார்ம் பண்டல் எல்லாம் வெளிய வெயில்ல கெடக்கு, அத அங்க எறக்கணும்."

"அஞ்சு வாரத்துக்கு ஒருக்கான்னா பிள்ளைங்களுக்கு மறந்துடும் சார்."

"அதெல்லாம் பசங்க கப்புனு புடிச்சுக்குவாங்க."

நான் வாய் திறந்தேன். கவியா என் கையை அழுத்தினாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டை அவரிடம் காட்டவே இல்லை.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்து உலுக்கினேன். "பைத்தியமாடி நீ? அந்தத் தாள அவரு மொகத்துல எறிஞ்சிட்டு வர வேண்டியதுதான? இத்தன நாளு பட்டது ஆயா வேலைக்கா?"

"எறிஞ்சிட்டு எங்கக்கா போறது?" என்றாள். "திரும்பவும் திங்கக்கெழம ஒரு ஊரு, பொதங்கெழம ஒரு ஊரா? என்னால முடியாதுக்கா. கோவம் வந்தாத்தான எறியலாம். எனக்குக் கோவமே வரல. அதான் எனக்கே பயமா இருக்கு."

யோசனை சொன்னவள் நான். வேன் வேனாகவே இருந்திருந்தால், யார் கண்ணிலும் படாமல் அந்த முப்பத்திரண்டு பிள்ளைகளாவது அவளுக்கு எட்டாவது வரை மிஞ்சியிருப்பார்கள். அதைக் கொண்டுபோய்க் கடை விரித்தவள் நான்தான். அதை அவளிடம் சொன்னேன், அழுதேன்கூட. "போங்கக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் வாரம் எங்கள் வேனுக்கு. கவியா கழுத்தில் புது அடையாள அட்டை, கையில் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். ஜெயங்கொண்டத்தில் என்னோடு மர்வாவும் ஏறினாள். மூன்றாம் வகுப்புக்குப் போகிற பெருமை முகத்தில் வழிந்தது. நேராகக் கவியாவிடம் போய் நின்றாள்.

"மிஸ், நான் சொன்னதாலதான ஒங்களுக்கு வேல போட்டுக் குடுத்தாங்க? எங்க அத்தா சொன்னாங்க."

கவியா என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து பிள்ளையின் ரிப்பனைச் சரிசெய்தாள்.

"ஆமாண்டா தங்கம். நீ சொன்னதாலதான்."

"அப்ப இந்த வருஷம் ஒங்ககிட்ட புதுப் பாட்டு நெறையா கத்துக்கலாம்ல?"

"கத்துக்கலாமே" என்று சொல்லி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை இந்த வேனில் கவியா இருக்க மாட்டாள் என்பதை நாங்கள் இரண்டு பேருமே அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை.